கால் எட்டும் அட்வெஞ்சர் பைக்

கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. 2025 ஆடி மாதத்தில் அவற்றுள் ஓர் இடப்பக்க வளைவில், நண்பரிடம் இரவல் வாங்கி வந்த உயரமான அட்வெஞ்சர் பைக்கோடு, அதாவது தார்ச்சாலையிலும் மண்சாலையிலும் ஓடும்படி செய்த நெடும்பயண வண்டியோடு, நான் சரிந்தேன். அப்போது வண்டி நின்றுகொண்டிருந்தது. மேலிருந்து இறங்கிய அரசுப் பேருந்து திரும்புவதற்கு இடம் விட்டு, வளைவின் உட்பக்கத்தில் ஒதுங்கி நிறுத்தி, வழக்கம்போல் இடக்காலைத் தரையில் வைக்கப் போனேன். கால் போன இடத்தில் தரை இல்லை. சமதளத்தில் விரல் நுனிக்கு எட்டிய தரை, சாலை உட்புறமாகச் சரிந்திருந்த அந்த வளைவில் மூன்று அங்குலம் கீழே போயிருந்தது. வண்டி சாய ஆரம்பித்ததும் அதைப் பிடித்து நிறுத்த இரண்டு நொடி முயன்றேன், பிறகு விட்டுவிட்டேன். பேருந்தின் நடத்துநர் இறங்கி வந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிய பிறகு, “வண்டி உங்களைவிடப் பெருசா இருக்கே சார்” என்றார். கிளட்ச் லீவரின் முனை உடைந்திருந்தது. நண்பருக்குப் புதிய லீவரும் ஒரு மன்னிப்பும் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதற்கு முன்பே ஐந்து மாதங்களாக நான் நடுத்தர அட்வெஞ்சர் பைக் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, முதல் கட்டத்தில் குதிரைத்திறன், இரண்டாவதில் முறுக்குவிசை, மூன்றாவதில் விலை என்று எழுதி வைத்திருந்தேன். இருக்கையின் உயரம் கடைசிக் கட்டத்தில், டயர் அளவுக்கும் பின்னால் இருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த இரவு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, கட்டங்களை வலமிருந்து இடமாகத் திருப்பி எழுதினேன். நெடும்பயண பைக் வாங்க நினைத்து, என்னைப் போல் 165 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிட்ட எவருக்கேனும் உதவக்கூடும் என்பதால், அந்தத் திருப்பி எழுதிய பட்டியல் என்னை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் நான் எப்படிப்பட்ட ஓட்டுநர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வயது 46, ஊர் நாமக்கல். 16 ஆண்டுகளாக 150 சி.சி. வண்டி ஒன்றை ஓட்டுகிறேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதியையும் கிலோமீட்டரையும் குறித்து வைக்கும் பழக்கம் இருப்பதால், கடைசி இரண்டு ஆண்டுகளில் எங்கெங்கே ஓட்டினேன் என்று பார்க்க முடிந்தது. மொத்தம் சுமார் 19,000 கிலோமீட்டர்; அதில் முக்கால்வாசிக்கு மேல் சேலம், கரூர், திருச்சி, கோயம்புத்தூர் என்று நல்ல தார்ச்சாலை; மீதியில் பெரும்பகுதி ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை போன்ற மலைப்பாதைகள்; மண்சாலையும் சரளைக்கல்லும் இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து 300 கிலோமீட்டரைத் தொடவில்லை. பாதிப் பயணங்களில் மனைவி பின்னால் இருந்தார். ஆனால் பைக் பார்க்கப் போகும்போது என் மனத்தில் ஓடியதெல்லாம் இமாச்சலத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கும் லடாக்கும் நீரோடையைக் கடக்கும் காட்சிகளும்தான். வாழ்க்கையில் ஒருமுறை போகக்கூடிய இடத்துக்காக வண்டி வாங்கி, வாரந்தோறும் போகும் இடத்தில் அவதிப்படுவோர் பலரை எனக்குத் தெரியும். நானும் அவர்களோடு சேரவிருந்தேன்.

நடுத்தரம் என்ற சொல் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஐரோப்பாவில் நடுத்தர அட்வெஞ்சர் பைக் என்றால் யமஹா டெனேரே 700 போன்றவை: 689 சி.சி., 200 கிலோவுக்கு மேல் எடை, 875 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கை. நம் நாட்டில் அந்தப் பெயரால் அழைக்கப்படுபவை ஏறக்குறைய 250 முதல் 500 சி.சி. வரையிலானவை. இந்த வகையை இங்கே பரவலாக்கியது 2016-இல் ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்த 411 சி.சி. ஹிமாலயன் என்றுதான் சொல்ல வேண்டும். அதன் இருக்கை 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. நடுத்தர உயரமுள்ள இந்தியர் இரண்டு காலையும் ஊன்றி நிற்க முடிந்த அட்வெஞ்சர் பைக் என்ற அளவிலேயே அது பலருடைய மனத்தைப் பிடித்தது. பிறகு கே.டி.எம்., பி.எம்.டபிள்யூ., சுசுகி, ஹோண்டா, டி.வி.எஸ். என்று எல்லோரும் வந்தார்கள். இவற்றுள் சில நம் ஓரகடத்தைச் சுற்றியும் ஓசூரிலும் பிறந்தவை என்பது, தேர்வுக்கு உதவாவிட்டாலும், நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது. பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜி.எஸ். உலகம் முழுவதும் ஓடியபோதும் அது கிளம்பிய இடம் ஓசூரில் உள்ள டி.வி.எஸ். ஆலைதான்.

இப்போது உயரத்துக்கு வருவோம். விளம்பரத் தாளில் அச்சிடப்படும் இருக்கை உயரம், ஆளில்லாமல் சமதளத்தில் நேராக நிற்கும் வண்டியின் உயரம். அதில் நாம் உட்கார்ந்தால் ஸ்பிரிங் இறங்கும், அது நமக்குச் சாதகம். இருக்கையின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து கால் குட்டையாகும், அது பாதகம். ஆகவே 835 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒடுங்கிய இருக்கை, 825 மில்லிமீட்டர் உயரமுள்ள அகலமான இருக்கையைவிடத் தாழ்வாகத் தோன்றலாம். நமக்குத் தேவையான அளவு மொத்த உயரத்தைவிட உள்கால் நீளம். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே மேலே முட்டும்வரை உயர்த்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் அது கிடைத்துவிடும். எனக்கு 74 சென்டிமீட்டர் வந்தது. அடி தடித்த ரைடிங் ஷூ அணிந்தால் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் சேரும். இந்தக் கணக்கோடு ஷோரூமுக்குப் போனபோது, ஒவ்வொரு வண்டியிலும் நான் செய்தது ஒன்றுதான்: உட்கார்ந்து, கண்ணை நேராக வைத்துக்கொண்டு, இடக்காலின் பாதம் முழுவதும் தரையில் படியும்போது வலக்கால் பிரேக்கில் இருக்க முடிகிறதா என்று பார்த்தேன். இரண்டு பாதமும் படிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மலையேற்றத்தில் நிற்கும்போது வலக்காலுக்குப் பின் பிரேக்கில் வேலை இருக்கும். ஊன்றுவதற்கு மிஞ்சுவது ஒரு கால்தான், அந்த ஒன்று உறுதியாக நிற்க வேண்டும்.

அதன் பிறகு, கடைக்கு வெளியே சாலையும் நடைபாதையும் சேரும் சரிவில் வண்டியை நிறுத்தி, தாழ்ந்த பக்கத்தில் கால் வைத்துப் பார்க்க அனுமதி கேட்டேன். இதைக் கேட்டதும் விற்பனையாளர்களின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். டெஸ்ட் ரைடு என்றால் மூன்று கிலோமீட்டர் நேர்ச்சாலையில் ஓட்டி, “பிக்கப் எப்படி சார்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வருவது என்பதே வழக்கமாக இருக்கிறது. சரிவில் நிறுத்துகிறேன், அரைவட்டம் அடித்துத் திருப்புகிறேன், இறங்கிப் பின்னோக்கித் தள்ளுகிறேன் என்று கேட்பவரை அவர்கள் வாங்க வராதவர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பொறுமையாக நின்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

எடை அடுத்தது. தாளில் உள்ள எடையைப் படிக்கும்போது அது பெட்ரோலோடு சேர்ந்ததா, பெட்ரோல் இல்லாததா என்று பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ என்பதால், 17 லிட்டர் டேங்க் நிரம்பினால் 13 கிலோவுக்கு நெருங்கிய எடை, அதுவும் வண்டியின் உச்சியில், வந்து சேர்ந்துவிடும். எடை எவ்வளவு என்பதோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் கையில் கனக்கிறது. நான் கொல்லிமலையில் சாய்த்த வண்டியைவிட 15 கிலோ கூடுதலான ஒரு வண்டி, இருக்கையும் எஞ்சினும் தாழ்வாக இருந்த காரணத்தால், எனக்கு இலகுவாக இருந்தது. இதை எந்தத் தாளிலும் படித்துத் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்கக் கற்றுக்கொள்ளாமல் 150 கிலோவுக்கு மேற்பட்ட எதையும் வாங்கக் கூடாது என்பது இப்போது என் கருத்து. நண்பர் வீட்டுத் தோட்டத்தில், பழைய சாக்குகளை விரித்து, வண்டியை மெதுவாகப் படுக்க வைத்துப் பழகினேன். முதலில் எஞ்சினை அணைத்து, வண்டி உருளாமலிருக்கக் கியரில் போட வேண்டும். வலப்பக்கமாக விழுந்திருந்தால், தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை விரித்து வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அது மறுபக்கம் போய் விழும், நான் ஒருமுறை போட்டேன். பிறகு ஹேண்டில்பாரைக் கடைசிவரை திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் விளிம்பில் பின்புறத்தை முட்டுக் கொடுத்துக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறுகையால் பின்சட்டத்தையும் பிடித்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் கால்களால் தரையை உதைத்துச் சிற்றடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். கிணற்றடியில் நெல்மூட்டை தூக்கிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல; எனக்கு ஐந்தாவது முயற்சியில்தான் வந்தது. 196 கிலோ வண்டியையும் இந்த முறையில் தூக்க முடிகிறது. மண்ணில், சரிவில், வெயிலில், பெட்டிகள் மாட்டிய நிலையில் மூன்றாவது முறை தூக்க முடியுமா என்று கேட்டால் முடியாது. அந்த ‘மூன்றாவது முறை’தான் என் எடைக் கட்டத்தின் மேல் எல்லையாயிற்று.

மதிப்புரைகளில் நான் எங்கும் பார்க்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இருவர் போகும் பயணத்தில் வண்டி விழ அதிக வாய்ப்புள்ள நேரம், பின்னால் உட்காருபவர் ஏறும் நேரம். உயரமான அட்வெஞ்சர் பைக்கில், இருபுறமும் பெட்டிகள் மாட்டியிருக்கும்போது, காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. இடப்பக்க ஃபுட்ரெஸ்ட்டைப் படிக்கட்டாக்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் எழுந்து நின்று, பிறகு வலக்காலை மறுபக்கம் அனுப்ப வேண்டும். மனைவி அப்படி எழுந்து நிற்கும் ஒன்றரை நொடி, அவருடைய எடை முழுவதும் வண்டியின் நடுக்கோட்டுக்கு வெளியே, இடப்பக்கம் தொங்குகிறது. அதைத் தாங்க வேண்டியது என் இடப்பாதம். நுனிக்காலில் நிற்பவனால் அதைத் தாங்க முடியாது. ஆகவே மூன்றாவது ஷோரூமிலிருந்து மனைவியையும் அழைத்துப் போனேன். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, “இதுல ஏறும்போது நீங்க மூச்சப் பிடிக்கிறீங்க, அதுல பிடிக்கல” என்று அவர் சொன்னதைவிடத் தெளிவான மதிப்புரை எனக்கு வேறு கிடைக்கவில்லை.

முன்சக்கரத்தின் அளவைப் பற்றி நிறைய வாதம் நடக்கிறது. 21 அங்குலமா, 19 அங்குலமா என்பது குழியில் விழும்போது தெரியும். 90/90 டயர் (அகலம் 90 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 90 விழுக்காடு) மாட்டிய 21 அங்குலச் சக்கரத்தின் வெளிவிட்டம் சுமார் 69 சென்டிமீட்டர். 100/90 டயருள்ள 19 அங்குலத்துக்கு 66. சாதாரணச் சாலை பைக்கில் உள்ள 17 அங்குலத்துக்கு, 110/70 டயரோடு, 58 அல்லது 59. பெரிய சக்கரம் குழியின் விளிம்பில் மெல்லிய கோணத்தில் மோதி ஏறிவிடுகிறது. சிறிய சக்கரம் உள்ளே இறங்கி முட்டுகிறது. ஆனால் 17-இலிருந்து 19-க்குப் போகும்போது கிடைக்கும் வேறுபாடு பெரிது, 19-இலிருந்து 21-க்குப் போகும்போது கிடைப்பது சிறிது. 21 அங்குல டயர் ஒடுங்கியது. மணலிலும் சரளையிலும் வெட்டிக்கொண்டு போகும், தார்ச்சாலை வளைவில் சற்று நிதானமாகத் திரும்பும். நம்மூர்ச் சாலைக்கு 19 போதும் என்பதே என் எண்ணம். கடைசியில் நான் வாங்கியது 21 அங்குலம் என்பதை மறைக்கப் போவதில்லை. எல்லாக் கட்டத்திலும் வெல்லும் வண்டி கிடையாது.

சக்கர அளவைவிட டியூப் எனக்கு முக்கியமாகப்பட்டது. கம்பிச் சக்கரம் பள்ளத்தில் அடிபட்டால் நெளிந்து கொடுக்கும், அலாய் சக்கரம் நெளியாமல் விரிசல் விடக்கூடும் என்பது உண்மை. ஆனால் வழக்கமான கம்பிச் சக்கரத்தில் டியூப் இருக்கும். நள்ளிரவில் ஆணி ஏறினால், டியூப்லெஸ் டயரில் ரப்பர் திரியைச் செருகிக் காற்றடித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். டியூப் என்றால் 140 மில்லிமீட்டர் அகலமுள்ள பின்சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை உருவி ஒட்ட வேண்டும், சாலையோரத்தில் அது ஒரு மணி நேர வேலை. டியூப் தேவைப்படாத கம்பிச் சக்கரங்கள் இப்போது வந்துவிட்டன. ஹிமாலயன் 450-க்கும் அவை கிடைக்கின்றன. கூடுதல் பணம் கேட்கிறார்கள். இந்த ஒரு இடத்தில் பணத்தைப் பார்க்க வேண்டாம்.

குதிரைத்திறனுக்கு நான் கொடுத்திருந்த முதலிடம் ஒரு சிறு கணக்கில் போய்விட்டது. ஆளும் பைகளும் ஏறிய ஒரு பைக்கைச் சமதளத்தில், எதிர்க்காற்று இல்லாமல், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வைத்திருக்க ஏறக்குறைய 15 குதிரைத்திறன் போதும். காற்றை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், 120-க்குப் போனால் அந்தச் செலவு மட்டும் 1.7 மடங்காகிவிடும். மத்திய அரசின் 2018 அறிவிக்கைப்படி நான்குவழி நெடுஞ்சாலையில் இரு சக்கர வாகனத்துக்கு வேக வரம்பு 80 கிலோமீட்டர். அப்படியானால் 26 குதிரைத்திறன் உள்ள சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்.எக்ஸ். 250-ஏ தாராளம் என்றுதான் தோன்றும். தனியாகப் போகிறவருக்கு அது உண்மையும்கூட. சேலத்திலிருந்து தர்மபுரிக்குப் போகும்போது தொப்பூர்க் கணவாயில், மனைவியும் பெட்டிகளும் பின்னால் இருக்க, ஏற்றத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் இரண்டு லாரிகளை அடுத்தடுத்து முந்த வேண்டிய இடத்தில்தான் மீதித் திறன் எவ்வளவு என்பது கணக்குக்கு வருகிறது.

அங்கேயும் நான் பார்த்தது உச்சத் திறனைவிட, முறுக்குவிசை, அதாவது எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றும் விசை, எந்தச் சுழற்சியில் (நிமிடத்துக்கு எஞ்சின் எத்தனை முறை சுற்றும்போது) கிடைக்கிறது என்பதைத்தான். குறைந்த சுழற்சியிலேயே கிடைத்தால் மலைக்கு நல்லது. வி-ஸ்ட்ரோமின் 22.2 நியூட்டன் மீட்டர் 7,300 சுழற்சியில் வருகிறது, கே.டி.எம். 390 அட்வெஞ்சரின் 39 நியூட்டன் மீட்டர் 6,500-இல். ஹிமாலயன் 450-இன் 40 நியூட்டன் மீட்டர் 5,500-இல். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரிலேயே, கிளட்சைத் தொடாமல், எஞ்சின் முனகாமல் ஏறிவிடுமா என்பதை இந்த எண்கள் ஓரளவு சொல்லிவிடுகின்றன. காரவள்ளிப் பாதையில் 70 வளைவுக்கும் 70 முறை கியரைக் குறைப்பது, போன மறுநாள் இடது மணிக்கட்டில் தெரியும்.

மலை உயரத்தைப் பற்றி ஒரு சொல். கடல் மட்டத்தில் உள்ள காற்றின் அடர்த்தியோடு ஒப்பிட்டால், 4,500 மீட்டர் உயரத்தில் சுமார் 63 விழுக்காடுதான் இருக்கும். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலை அளந்து குறைத்துக்கொள்ளும், இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. 40 குதிரைத்திறன் எஞ்சின் அங்கே 25-ஆகச் சுருங்கிவிடும். ஸ்பிட்டிக்குப் போகிறேன் என்பவர்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு இது. எனக்கு, ஊட்டி 2,240 மீட்டர் என்பதால், அவ்வளவு அவசரமில்லை.

டேங்க் அளவைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. இமாச்சலத்தில் தாண்டி என்ற ஊரில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தொலைவில் என்று எழுதி வைத்திருந்த பலகை புகழ்பெற்றது. நம் மாநிலத்தில் 30 கிலோமீட்டர் பங்க் இல்லாமல் ஓட்டுவதே அரிது. திரைகள், ஓட்டும் முறைகள், செல்பேசி இணைப்பு ஆகியவற்றையும் விரைவாகக் கடந்தேன். மண்சாலையில் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிப்போகாமல் காக்கும் ஏ.பி.எஸ்.-ஐப் பின்சக்கரத்துக்கு மட்டும் அணைக்க முடிகிறதா என்று பார்த்தேன், அது போதும். பின் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை மாற்ற முடிய வேண்டும். இருவரும் சுமையும் ஏறும்போது, சஸ்பென்ஷன் தன் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இறங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, இரவில் முகப்பு விளக்கு மரக்கிளையைத்தான் காட்டும். வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட இதைத் திருகாமல் ஓட்டுபவர்களே பெரும்பான்மை.

தேடலின் நடுவே அரசு ஒரு கோடு கிழித்தது. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையிலான இரு சக்கர வாகனங்களின் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, மேல்வரியோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆக உயர்ந்தது. ஆலையிலிருந்து இரண்டு லட்சத்துக்கு வெளிவரும் வண்டி கோட்டுக்குக் கீழே இருந்தால் 2,36,000 ரூபாய், மேலே இருந்தால் 2,80,000. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புதிய பைக்குக்கு வாழ்நாள் வரி 12 விழுக்காடு என்பதால் வித்தியாசம் அங்கேயும் குட்டி போடுகிறது. காப்பீடும் இதே கோட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது: புதிய வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீட்டின் அடிப்படைக் கட்டணம் 150 முதல் 350 சி.சி. வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117 ரூபாய். ஒரே நாளில் என் பட்டியல் இரண்டாகப் பிளந்தது. அடுத்த மாதமே டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300 வந்தது: 299 சி.சி., 36 குதிரைத்திறன், 180 கிலோ, 19 அங்குல முன்சக்கரம், தொடக்க விலை இரண்டு லட்சத்துக்குள். கோட்டின் சரியான பக்கத்தில், ஓசூரிலிருந்து, எனக்கென்றே செய்ததுபோல் வந்து நின்றது.

அதை நான் வாங்கவில்லை, காரணம் வண்டியில் இல்லை. எந்த நிறுவனத்தின் எந்த வண்டியாக இருந்தாலும், புதிய எஞ்சினின் முதல் ஆண்டு உற்பத்தியை வாங்குவதில்லை என்பது என் தந்தையின் காலத்து டிராக்டரிலிருந்து எங்கள் வீட்டில் உள்ள விதி. அது சரியென்று வாதாட மாட்டேன். அதோடு 835 மில்லிமீட்டர் இருக்கையில் என் இடப்பாதத்தின் முன்பாதிதான் படிந்தது. வி-ஸ்ட்ரோமிலும் அதே உயரம், ஆனால் 167 கிலோ என்பதால் அந்தப் பாதிப் பாதமே போதுமானதாக இருந்தது. தனியாக ஓட்டுபவனாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கியிருப்பேன். கே.டி.எம். 390 அட்வெஞ்சர் மூன்றிலும் வேகமானது, 46 குதிரைத்திறன். ஓட்டிவிட்டு இறங்கியபோது எனக்கு 30 வயதுபோல் இருந்தது. அதன் பின்னிருக்கையிலிருந்து இறங்கிய மனைவி வேறு வயது சொன்னார். ஹோண்டா என்.எக்ஸ். 500-இன் இரட்டை சிலிண்டர் எஞ்சினின் மென்மைக்கு இவற்றுள் எதுவும் ஈடில்லை, ஆனால் 2024-இல் 5,90,000 ரூபாய்க்கு அறிமுகமான வண்டி அது. என் நோட்டில் விலைக் கட்டம் எங்கே போனாலும் அழிந்துவிடவில்லை.

மிஞ்சியது ஹிமாலயன் 450. எடை 196 கிலோ, 350 கோட்டுக்கு மேலே, என் கருத்துக்குத் தேவையில்லாத 21 அங்குலச் சக்கரம்; தாளில் பார்த்தால் நான் சொன்னதற்கெல்லாம் எதிரானது. ஆனால் 825 மில்லிமீட்டர் இருக்கைக்குப் பதிலாக, 805 மில்லிமீட்டர் தாழ்ந்த இருக்கையை அந்த நிறுவனமே துணைப்பொருளாக விற்கிறது. தாழ்ந்த இருக்கை பூட்டிய ஒரு வண்டியை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, மனைவியோடு, பெட்டிகளோடு, காரவள்ளிப் பாதையில் ஏறினேன். வாடகைப் பணம் வீண் என்று வீட்டில் சொன்னார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் செலவழிக்கும் முன் சில ஆயிரம் கொடுத்து நம் சாலையில் ஓட்டிப் பார்ப்பதில் வீண் எதுவுமில்லை. வேண்டுமென்றே இடப்பக்க வளைவுகளில் நிறுத்தினேன். ஒவ்வொன்றிலும் பாதம் முழுதாகப் படிந்தது. செம்மேட்டில் தேநீர் குடித்துவிட்டு, கடைக்கு முன்னால் இருந்த சரிவிலேயே மனைவி ஏறினார். மூச்சைப் பிடித்தேனா என்று கேட்டேன், தெரியவில்லை என்றார்.

முன்பதிவு செய்யப் போன முதல் ஷோரூமில், விலைப்பட்டியலில் ‘கையாளும் கட்டணம்’ என்று ஒரு வரி இருந்தது. அது எதற்கு என்று கேட்டபோது, எல்லோரும் கொடுக்கிறார்கள் என்றார்கள். எதற்கு என்று எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தரவில்லை, கட்டணத்தையும் எடுக்கவில்லை, நான் வேறு ஊருக்குப் போனேன். அங்கே அந்த வரி இல்லை. டியூப் இல்லாத சக்கரங்கள், தாழ்ந்த இருக்கை, எஞ்சினைக் காக்கும் கம்பி ஆகிய மூன்றை மட்டும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

தை பிறந்து வண்டி வந்தது. இதுவரை 2,600 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஒருமுறை விழுந்திருக்கிறது: எங்கள் வீட்டு வாசலில், சைடு ஸ்டாண்டு சரியாக விரியும் முன் நான் இறங்கியதால். கற்ற முறைப்படி முதுகைக் கொடுத்துத் தூக்கினேன், எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழற்றிய பழைய இருக்கையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணில் போட்டிருக்கிறேன். மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். இப்போதே என்னைவிட இரண்டு அங்குலம் உயரம், பரணை அடிக்கடி பார்க்கிறான்.